பாதியில் நின்ற வீடும் நாற்பது பக்க நோட்டும்

நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டில், பீமுக்குக் கீழே தாங்கலாகக் கொடுத்திருந்த முட்டுகளை, காங்கிரீட் போட்ட ஒன்பதாம் நாளே காண்ட்ராக்டரின் ஆட்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு சாயங்காலம் தளத்துக்குத் தண்ணீர் விடப் போனால், முந்தின நாள் வரை கம்புகள் காடு மாதிரி நின்ற ஹால் வெறுமையாகக் கிடக்கிறது. தரையில் லாரி டயர் தடம். பக்கத்து மனையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி, "மத்தியானமே வந்து கம்பு, பலகை எல்லாத்தையும் ஏத்திட்டாங்கம்மா, மலைக்கு அந்தப் பக்கம் போறோம்னு சொன்னாங்க" என்றார்.

மலைக்கு அந்தப் பக்கம் என்றால் எங்களுக்குக் கேரளா. நாங்கள் இருப்பது செங்கோட்டைக்குப் பக்கத்தில், புளியரை போகிற ரோட்டில். 1956 நவம்பர் 1 வரை இந்த மண்ணே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதான் இருந்தது, அதனால் எல்லை என்பது எங்களுக்குப் பெரிய விஷயமாகப் பட்டதே இல்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் உண்டு, கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். எங்கள் காண்ட்ராக்டரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். மூன்று தலைமுறையாக அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம். "டீச்சரே" என்று அவர் கூப்பிடுகிற இழுவையில் மட்டும் மலையாளம் இருக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம், என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் வீடு லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னல் உயரத்தோடு, நின்றுபோய், இரண்டு மாதமாக அவர் சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருக்கிறார். அவருக்கு வாயால் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்காக எழுதித் தருகிறேன் என்றேன். வேறு யாருக்காவது பயன்பட்டாலும் சந்தோஷம்.

எங்கள் கணக்கு இதுதான். 1,150 சதுர அடி, தரைத்தளம் மட்டும். மெட்டீரியலோடு சேர்த்து சதுர அடிக்கு 2,100 ரூபாய், ஆக மொத்தம் 24,15,000. 2022 தை மாதம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம். அட்வான்ஸ் 2 லட்சம், பேஸ்மென்டுக்கு 5 லட்சம், லிண்டலுக்கு நாலரை, தளத்துக்கு 5 லட்சம் என்று தளம் போடுவதற்குள் 16.5 லட்சம் கொடுத்துவிட்டோம். ஒப்பந்தம் என்று இருந்தது ஒரே ஒரு தாள். அதில் எந்த வேலைக்கு எவ்வளவு பணம் என்று இருந்ததே தவிர, வேலை முடிந்த பிறகா, தொடங்குவதற்கு முன்பா என்று இல்லை. அவர் முன்பே கேட்டார், நாங்களும் முன்பே கொடுத்தோம். பிற்பாடு வந்த அத்தனை கஷ்டத்துக்கும் வேர் அந்த ஒரு வரி இல்லாததுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

முட்டு கழற்றியதற்கு வருகிறேன். ஹால் பீம் 17 அடி. காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 என்று ஒன்று இருக்கிறது, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. சாதாரண சிமெண்டில் போட்ட தளத்துக்கு 4.5 மீட்டர் அகலம் வரை 7 நாளும் அதற்கு மேல் 14 நாளும், பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாளும் அதற்கு மேல் 21 நாளும் முட்டு நிற்க வேண்டும் என்கிறது. தண்ணீர் விடுவதும் அப்படித்தான்: சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது பெரும்பாலும் கிடைக்கிற சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14. எங்களுடையது பி.பி.சி. பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீர் தளத்தின் மேல் இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே கீழே முட்டுகளைப் பிடுங்கிவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கொத்தனார் வேலை பார்த்த என் பெரியப்பா சின்ன வயதில் சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது: "பச்சைக் காங்கிரீட்டுக்கு மேல பாரம் வைக்காதே, கீழ கம்பை எடுக்காதே." அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

வைகாசி பிறந்ததும் வேலை சுத்தமாக நின்றது. அப்புறம் ஆனி வந்தது, சாரல் வந்தது. எங்கள் பக்கத்துச் சாரல் தெரியாதவர்களுக்கு: ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேராக உள்ளே நுழையும், கூடவே பொடித் தூறலையும் அள்ளிக்கொண்டு வரும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது சுகம். பூசாத செங்கல் சுவரோடு திறந்து கிடக்கிற வீட்டுக்கு அது வினை. மழை மேலிருந்து விழும், சாரல் பக்கவாட்டில் அடிக்கும். மேற்குச் சுவர் முழுக்க நனைந்து கறுத்து, ஆடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. மாடி எடுப்பதற்காகத் தளத்துக்கு மேலே நீட்டி விட்டிருந்த தூண் கம்பிகள் துருப்பிடித்து, துரு கரைந்து தளத்தில் காவிக் கோடாக வழிந்திருந்தது. வாசல் நிலை ஊதிப்போய்க் கீழ்ப்பக்கம் விரிந்துவிட்டது. ஒரு பக்கம் வாடகை 6,500, இன்னொரு பக்கம் பேங்குக்கு வட்டி.

போன் செய்தால் பதில் எப்போதும் அடுத்த விசேஷத்தில் இருந்தது. "ஆடி கழியட்டும் டீச்சரே." ஆடி கழிந்தது. "ஓணம் முடிஞ்சதும் ஆளோட வந்திடுறேன்." நடுவில் ஒரு தடவை, இரண்டு லட்சம் கொடுத்தால் பூச்சுக்கு ஆளை உடனே இறக்குகிறேன் என்றார். கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தோம், அந்த அளவுக்குக் களைத்துப் போயிருந்தோம். கொடுக்காததுதான் நாங்கள் செய்த முதல் சரியான காரியம். "பூச்சு முடியட்டும் அண்ணாச்சி, அன்றைக்கே தருகிறேன்" என்று மட்டும் சொன்னேன். எத்தனை தடவை கேட்டாலும் இதே வாக்கியம்தான். குரலை உயர்த்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

என் தம்பிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அக்கா, நீ சும்மா இரு, பத்துப் பேரைக் கூட்டிட்டு ஆரியங்காவு போயி அவன் வீட்டு வாசல்லயே உக்காந்துர்றேன்" என்றான். என் வீட்டுக்காரருக்கும் கிட்டத்தட்ட அதே மனநிலை. எனக்கு மட்டும் கோபம் இல்லையா, என்ன. ஆனால் பதினெட்டு வருஷம் வகுப்பறையில் நின்றதில் ஒன்று தெரியும்: எல்லார் முன்னாலும் அவமானப்பட்ட பையன் அதற்கப்புறம் வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, வகுப்புக்கே வருவதில்லை. பத்துப் பேர் வாசலில் போய் உட்கார்ந்தால் அந்த மனிதருக்கு மிச்சமிருக்கிற ஒரே வழி எங்களை எதிரியாக்கிக்கொள்வது. எனக்கு வேண்டியது அவருடைய தலைகுனிவு இல்லையே. என் சுவருக்குப் பூச்சு வேண்டும், இல்லாவிட்டால் மிச்சப் பணம் வேண்டும். இந்த இரண்டைத் தவிர எதற்கும் மூச்சைச் செலவழிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். தம்பியிடம், "நீ பஸ் ஏறினால் இந்த விஷயத்தை நான் இத்தோடு விட்டுவிடுவேன்" என்று சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே அடங்கினான்.

பிள்ளைகளுக்கு வாங்கி வைத்திருந்த நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தேன். இடது பக்கத்தில் நாங்கள் கொடுத்தது: தேதி, தொகை, பேங்க் மூலமா, போன் மூலமா, ரொக்கமா. ரொக்கமாகக் கொடுத்த ஒன்றரை லட்சத்துக்குச் சீட்டு இல்லை, ஆனால் கொடுத்த அன்றே "கிடைத்தது டீச்சரே" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தது. வலது பக்கத்தில் நடந்த வேலை: எந்தத் தேதியில் என்ன, எத்தனை ஆள். போனில் இருந்த படங்களை எல்லாம் தேதிவாரியாகப் பார்த்துப் பார்த்து நிரப்பினேன். மூன்று ராத்திரி ஆயிற்று. எழுத எழுத ஒரு மாற்றம் தெரிந்தது. "ஏமாத்திட்டான்" என்று நெஞ்சுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல "வெளிப்பூச்சு இல்லை, உள்பூச்சு இல்லை, தரை இல்லை, பீம் ஓரத்தில் ஓட்டை" என்று எண்ணக்கூடிய வேலைகளாக மாறியது. எண்ணிவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒப்பந்தத்தில் இல்லாத வேலையும் அவர் செய்திருந்தார். ரோடு உயர்ந்துவிட்டதால் பேஸ்மென்டை ஒன்றரை அடி கூட்டச் சொன்னது நாங்கள்தான். தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கச் சொன்னதும் நாங்கள்தான். அதற்கெல்லாம் பணம் பேசவே இல்லை. அவர் ஒரு தடவை கேட்டபோது "கடைசியில் பார்த்துக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதையும் நோட்டில் எழுதினேன். எழுத மனசு வரவில்லை, ஆனாலும் எழுதினேன். எனக்குச் சாதகமானதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் முதல் பேச்சிலேயே அவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார், அப்புறம் நான் சொல்கிற எதுவும் எடுபடாது.

"அவன் கேரளாக்காரன், இங்க கேஸ் போட்டா நிக்காது" என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். இது தவறு. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நாம் குடியிருக்கும் ஊருக்கான மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், எதிராளி எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. வீடு கட்டித் தருவது சேவைதான் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. உச்ச நீதிமன்றம் இதை 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் சொல்லிவிட்டது. நாம் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம் போதும். கட்டணம் கேட்டால் நம்ப மாட்டீர்கள்: 5 லட்சம் வரை ஒன்றும் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. எங்களுக்கு 400. வக்கீல் கட்டாயம் இல்லை, நாமே எழுதிக் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. "அடுத்த விசேஷம்" என்று தள்ளிக்கொண்டே போகிறவர்களிடம் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு அந்த 2 வருஷம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். வீட்டுமனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்துகிற ரெராவில் புகார் கொடு என்றும் சிலர் சொல்வார்கள். அது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டங்களுக்கும், எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்கிற திட்டங்களுக்கும் உள்ள சட்டம். நம் சொந்த மனையில் ஒரு காண்ட்ராக்டரை வைத்துக் கட்டுகிற வீட்டுக்கு அது வராது.

ஆனால் ஆணையத்துக்குப் போவதைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். அங்கே நியாயம் கிடைக்காது என்பதால் இல்லை. வழக்கு என்றால் நாள் ஆகும், அதுவரை என் சுவர் அடுத்த சாரலையும் குடிக்கும். அதனால் முதலில் ஒரு கடிதம், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. தமிழில்தான் எழுதினேன். முதல் படியைக் கோபத்தோடு எழுதிக் கிழித்தேன், இரண்டாவதையும் கிழித்தேன். மூன்றாவது இப்படி இருந்தது:

"அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம். இந்த இந்தத் தேதிகளில் மொத்தம் 16,50,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். மே 20 முதல் வேலை நடக்கவில்லை. பேஸ்மென்ட் உயர்த்தியதற்கும் தொட்டிக்கும் உங்களுக்குக் கூடுதலாக வர வேண்டியது உண்டு, அதை ஏற்றுக்கொள்கிறோம். நடந்த வேலையை இரண்டு பேருக்கும் பொதுவான ஓர் இன்ஜினீயரை வைத்து, நீங்களும் கூட இருக்க, அளந்து பார்ப்போம். அளவில் எங்களிடமிருந்து வர வேண்டியது இருந்தால் தருகிறோம். உங்களிடமிருந்து வர வேண்டியதாக இருந்தால் வேலையாகவோ பணமாகவோ தாருங்கள். 15 நாளுக்குள் ஒரு தேதி சொல்லுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை."

ஒரு வசவு இல்லை, ஒரு ஆச்சரியக்குறி இல்லை. "உங்களுக்குக் கூடுதலாக வர வேண்டியது உண்டு" என்ற அந்த ஒரு வரிதான் அவரை அளக்க வரவைத்தது என்று பிற்பாடு அவர் மனைவியே சொன்னார்.

தபால் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியும் சத்தம் இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். புளியரை எஸ் வளைவில் எப்போதும்போல எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசையாக நின்றன, எல்லாம் கேரளா போகிறவை. எங்கள் பக்கத்துக் குவாரிக் கல் இப்படி மலையேறிப் போய்க்கொண்டே இருப்பதால் எங்களுக்கே விலை ஏறுகிறது என்பது இங்கே ஊரறிந்த குறை. அந்த லாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஏப்ரலில் அவர் "ஜல்லி விலை ஏறிப்போச்சு டீச்சரே" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று நான் காது கொடுக்கவே இல்லை.

அவர் வீட்டில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது, பின்னால் எட்டிப் பார்த்தார், ஆள் கூட்டி வந்திருக்கிறோமோ என்று. இரண்டு பேர்தான் என்றதும் நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் மனைவி கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தார். நான் வீட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை, ஆள் ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டேன். சொல்லிக்கொண்டே போனார். புனலூரில் ஒரு பெரிய வேலையை எடுத்திருக்கிறார், அங்கே கொத்தனாருக்கு இங்கே கொடுப்பதைவிட 300 ரூபாய் அதிகம், ஆட்கள் அதை விட்டுவிட்டு மலை இறங்கி வர மாட்டேன் என்கிறார்கள். அந்த வேலையைக் கொடுத்தவர் பணம் தராமல் இழுக்கிறார். எங்கள் பணம் அந்த வேலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. முட்டும் பலகையும் வாடகைக்கு எடுத்தவை, அங்கே தேவைப்பட்டதால் எடுத்துக்கொண்டு போனார். "தப்புத்தான்" என்றார். தலை குனிந்துதான் சொன்னார், நாங்கள் குனிய வைக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு மனம் இளகி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடவும் கூடாது. அவர் கஷ்டம் உண்மைதான், ஆனால் அது என் வீட்டுப் பணம். நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். இடது பக்கம், வலது பக்கம், கடைசிப் பக்கத்தில் அவருக்கு வர வேண்டிய கூடுதல். அந்தக் கடைசிப் பக்கத்தை அவர் இரண்டு தடவை படித்தார். "அளந்திடலாம் டீச்சரே" என்றார்.

அளக்க வந்த இன்ஜினீயர் எங்களுக்கும் உறவு இல்லை, அவருக்கும் பழக்கம் இல்லை. பீஸில் பாதி நாங்கள், பாதி அவர் என்று பேசிக்கொண்டோம். இதை வற்புறுத்திச் சொல்கிறேன்: முழுப் பணத்தையும் நாமே கொடுத்தால் அவர் நம் ஆள் ஆகிவிடுவார், அவர் சொல்கிற எண்ணுக்கு மதிப்புப் போய்விடும்.

ஐப்பசி மழைக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை காலை. டேப்பின் ஒரு முனையைக் காண்ட்ராக்டர் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன், இன்ஜினீயர் எழுதினார். ஒவ்வொரு சுவரையும் அளந்து முடித்தபின் எண்ணைச் சத்தமாகப் படித்தார், நாங்கள் இரண்டு பேரும் "சரி" என்று சொன்ன பிறகுதான் அடுத்தது. சுவர்களுக்குத் தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தோம், கிச்சன் சுவர் ஒன்றில் மட்டும் அரை இஞ்ச் வெளியே தள்ளியிருந்தது, பூச்சில் சரி செய்துவிடலாம் என்றார். பிறகு பீம். அதன் அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூல் கட்டி நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஸ்கேலால் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயப்படுகிற அளவு இல்லை. பீமும் தூணும் சேர்கிற மூலையில் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங், அப்புறம் ஓர் இடத்தில் மட்டும் தொப்பென்று ஒரு சத்தம். அங்கே கரண்டி நுனியால் சுரண்டினார், சிமெண்ட் பாலால் மேலே பூசி மறைத்திருந்தது உதிர்ந்து உள்ளே ஜல்லி மட்டும் தெரிந்தது, தேன்கூடு மாதிரி, ஒரு கையகலம். காங்கிரீட்டை அதிர வைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் சரியாக இறங்கவில்லை என்றார். காண்ட்ராக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் அன்னைக்கு இங்க இல்ல, பசங்க பூசி வச்சிருக்காங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே சண்டை வந்திருக்கும், அந்த ஓட்டையோ ஓட்டையாகவே இருந்திருக்கும்.

காங்கிரீட்டின் பலத்தைப் பார்க்க, ரீபௌண்ட் சுத்தியல் என்ற கருவியால் பீமிலும் தளத்திலும் பல இடத்தில் அடித்து எண் எடுத்தார். அது ஒரு மதிப்பீடுதான், அதில் சந்தேகம் வந்தால் காங்கிரீட்டைக் குழாய் மாதிரி துளைத்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. அந்த நாலு மாதத்தில் எனக்கு வந்த முதல் நல்ல செய்தி அதுதான்.

கணக்கு வந்தது. நடந்த வேலையின் மதிப்பு 13,60,000. பேஸ்மென்ட் உயர்த்தியதற்கு 58,000, தொட்டிக்கு 27,000. விலை ஏற்றத்துக்கு அவர் 40,000 கேட்டார். ஒப்பந்தப்படி நாங்கள் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை, ஆனாலும் புளியரையில் பார்த்த லாரிகளை நினைத்து 15,000 ஒத்துக்கொண்டோம். ஆக 14,60,000. கொடுத்தது 16,50,000. அவர் கையில் எங்கள் பணம் 1,90,000.

"பணமா இப்ப எங்கிட்ட இல்ல" என்றார். எதிர்பார்த்ததுதான். வேலையாகக் கேட்டோம். உள்பூச்சு, சீலிங் பூச்சு எல்லாம் சேர்ந்து 4,000 சதுர அடி, மெட்டீரியலோடு 45 ரூபாய் வீதம் 1,80,000. பீம் ஓட்டையைக் கொத்திச் சுத்தம் செய்து, சுருங்காத கலவை வைத்து அடைக்க 10,000. கணக்கு நேர். அத்தோடு பழைய ஒப்பந்தம் முடிந்தது, மற்ற வேலைகளை நாங்கள் யாரை வைத்தும் செய்துகொள்ளலாம். இதை முத்திரைத்தாளில் எழுதி, இன்ஜினீயரும் இன்னொருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். தேதி போட்டோம், தேதி தவறினால் 1,90,000-ஐப் பணமாகத் திருப்பித் தர வேண்டும் என்றும் போட்டோம். என் தம்பிக்கு இது பிடிக்கவில்லை, "அவனையே திரும்ப உள்ள விடுறியே" என்றான். வேறு ஆளைத் தேடி, அவருக்குப் புதிதாக அட்வான்ஸ் கொடுத்து, பழைய பணத்துக்கு வழக்கும் நடத்துகிற தெம்பு எங்களிடம் இல்லை. ஆள் தப்பி ஓடுகிறவராக இருந்தால் நானும் இப்படிச் செய்திருக்க மாட்டேன். சாயா வைத்த வீட்டையும் குனிந்த தலையையும் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்.

ஆட்கள் வந்தார்கள். ஐந்து பேர், அதில் இரண்டு பேர் வடநாட்டுப் பிள்ளைகள். ஐப்பசி மழை நடுவில் பத்து நாளைத் தின்றது. தினமும் சாயங்காலம் போய் எதுவும் குறை சொல்லாமல் மட்டக்கோலை மட்டும் சுவரில் வைத்துப் பார்ப்பேன், இடைவெளி தெரிந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுவேன், அவரே கலவையைத் தட்டிவிட்டு மறுபடி பூசுவார். எல்லாம் சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன். பின்பக்கக் குளியலறையில் தண்ணீர் ஓட்டம் இன்றைக்கும் கொஞ்சம் எதிர்ப்பக்கம்தான், தள்ளிவிட வேண்டியிருக்கிறது. ஊதிப்போன வாசல் நிலையை மாற்ற 14,000 எங்கள் கையிலிருந்து போனது, அதை அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

உள்பூச்சு முடிந்த விதத்தைப் பார்த்து வெளிப்பூச்சையும் அவரிடமே கொடுத்தோம், இந்தத் தடவை வேறு மாதிரி. சிமெண்டும் மணலும் நாங்கள் வாங்கினோம், கூலி வாராவாரம் சனிக்கிழமை, அந்த வாரம் பூசி முடித்த அளவுக்கு மட்டும். மொத்தக் கூலியில் 20,000 பிடித்தம், அடுத்த சாரல் அடித்து ஓய்ந்த பிறகு தரப்படும் என்று நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். "ஒரு வருசம் பணத்தைப் பிடிச்சு வைப்பீங்களா டீச்சரே" என்றார். "ஒரு சாரலுக்கு மட்டும் அண்ணாச்சி" என்றேன். தை மாதம் பால் காய்ச்சினோம்.

2023 ஆடி நடுவில், நல்ல சாரல் நாள் ஒன்றில், அவரே போன் செய்துவிட்டு வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மேற்குச் சுவரை உள்பக்கமாக அடி அடியாகப் பார்த்துக்கொண்டே போனார். படுக்கையறை ஜன்னல் சன்ஷேடு சுவரோடு சேருகிற இடத்தில், உள்ளங்கை அளவுக்கு ஈரம். கையை வைத்துப் பார்த்தார், நானும் வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. மழை விட்டதும் இரண்டு நாள் கழித்து ஒரு கொத்தனாரோடு வந்து அந்த மூட்டைக் கொத்தி, கலவை வைத்து, சன்ஷேடுக்கு மேலே வாட்டம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் நான் தினமும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. ஓணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வரச் சொல்லி 20,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். நோட்டில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், இடது பக்கம் நான் எழுதினேன், வலது பக்கம் அவர் கையெழுத்துப் போட்டார்.